இரவில் குழந்தை எழுந்தால் யார் எழுவது?

"ராத்திரி ஒரு வேளை மட்டும் அவர் புட்டியில் கொடுத்துவிட்டால் நான் கொஞ்சம் தூங்குவேனே?" பிரசவமாகிப் பத்துப் பதினைந்து நாளில் பரிசோதனைக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூட வந்த கணவரும் தலையாட்டுவார். நியாயமான ஆசைதான். ஆனால் முதல் மாதத்தில் பால் கொடுப்பதையே பங்கு போடப் போனால், அம்மாவுக்குத் தூக்கம் கூடுவதற்கு முன் பால் குறைந்துவிடுகிறது.

குழந்தை இரவில் ஒருமுறை எழுந்தால் எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தூக்கிச் சமாதானப்படுத்தித் துணி மாற்றப் பத்து நிமிடம். பால் குடிக்க இருபது முப்பது நிமிடம். பிறகு தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, கிடத்தியதும் விழித்துக்கொண்டால் மறுபடி தூக்கி, ஆட்டித் தூங்கவைக்க இன்னும் அரை மணி. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல். இதில் தாயால் மட்டுமே முடிகிற வேலை நடுவில் உள்ள அந்த இருபது முப்பது நிமிடம்தான். முன்னும் பின்னும் உள்ளதைக் கணவர் எடுத்துக்கொண்டால், இரவில் மூன்று முறை எழுகிற குழந்தையுள்ள வீட்டில் தாய்க்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தூக்கம் மிஞ்சும். ஒரு சொட்டுப் பாலும் இதனால் குறையாது.

பால் ஏன் குறைகிறது என்பதை இருவருமே தெரிந்துகொள்வது நல்லது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் நள்ளிரவுக்குப் பிறகு, விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் அதிகமாக இருக்கும். பகலில் எவ்வளவு கொடுத்தாலும் அந்த நேரத்துத் தூண்டுதலுக்கு ஈடாகாது. இன்னொன்று, மார்பு நிறைந்து அப்படியே நின்றால், 'இதற்கு மேல் வேண்டாம்' என்று சுரப்பைக் குறைக்கச் சொல்லும் ஒரு வேதிப்பொருள் பாலிலேயே இருக்கிறது. காலியாக ஆகத்தான் ஊறும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊறும் என்று பாட்டிமார் சொல்வது இந்த விஷயத்தில் அப்படியே சரி. முதல் நான்கு வாரங்களில் உடல் இந்தக் கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு இரவுப் பாலைத் தவிர்த்து மாவுப்பால் கொடுத்தால், அந்த ஒரு வேளை தேவையில்லை என்று உடல் எடுத்துக்கொள்ளும். நாலைந்து நாளில் "பால் பத்தலை" என்ற பேச்சு வீட்டில் தொடங்கும். பத்தவில்லை என்று இரண்டாவது வேளையும் டப்பாவுக்குப் போகும்.

முதல் நான்கு வாரம்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி சீம்பால் போதும். நான்காம் நாளில் அது 30 முதல் 60 மில்லி வரை போகும். பிறந்த எடையை மீண்டும் எட்டும்வரை, அதாவது பெரும்பாலும் 10 முதல் 14 நாள் வரை, இரவிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். அலாரம் யார் போனில் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கணவர் போனில் இருப்பது உத்தமம்.

அழுகை என்பது பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், தலையைத் திருப்பித் தேடும். அழ ஆரம்பித்த குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாது. பற்றாவிட்டால் காம்பில் புண், காற்று விழுங்கல், இன்னும் அழுகை. அதனால் குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் கணவர் படுப்பது நல்ல ஏற்பாடு. முனகல் கேட்டதும் அவர் எழுந்து, டயப்பரைப் பார்த்து, பிறகு தாயை எழுப்பலாம்.

டயப்பரை எப்போது மாற்றுவது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பால் குடிக்கும்போதே தூங்கிவிடும் குழந்தைக்கு ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மாற்றுங்கள். அந்த அசைவில் விழித்துக்கொண்டு அடுத்த பக்கம் நன்றாகக் குடிக்கும். பசியில் கத்துகிற குழந்தைக்கு முதலில் பால், நடுவில் துணி. டியூப் லைட் போட வேண்டாம். சின்ன இரவு விளக்கு போதும். அந்த நேரத்தில் பேச்சும் விளையாட்டும் வேண்டாம்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த உதவி சலுகை என்ற கணக்கில் வராது, தேவை. தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தையல் போட்ட வயிற்றோடு இரவில் நாலு முறை குனிந்து குழந்தையைத் தூக்குவது முதல் இரண்டு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்: தாயின் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று. குழந்தை தாயைப் பார்த்து ஒருக்களித்திருக்க வேண்டும். காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில், மூக்கு காம்புக்கு நேராக. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பதும், ஒரு பக்கம் முடிந்ததும் எடுத்துத் தாய் திரும்பிப் படுத்தபின் மறுபக்கம் வைப்பதும் கணவர் வேலை.

மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மணிக்கொரு தரம் பால் கேட்கும் குழந்தைகள் நிறைய. பால் குறைவு என்று பயந்து வீட்டில் யாராவது பால் பவுடரை எடுப்பது இந்த நேரத்தில்தான். இரவு நீளமாகத் தூங்கக் குழந்தை அப்படிச் சேர்த்துக் குடிக்கிறது என்று பார்த்தால் போதும். பால் போதுகிறதா என்பதைச் சிறுநீர்தான் சொல்லும்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல், நிறமில்லாமல். கூடவே மஞ்சள் மலம், இரண்டாம் வாரம் தொட்டு நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை. இரவில் துணி மாற்றியவர் ஒரு தாளில் கோடு போட்டு வைத்தால் விடிந்ததும் சண்டை இருக்காது.

நான்கு வாரத்துக்குப் பிறகு

பால் சுரப்பு நிலைப்பட்டு, எடை ஏறி, காம்பு வலி இல்லாமலிருந்தால், எடுத்து வைத்த தாய்ப்பாலைக் கணவர் ஒரு வேளை கொடுக்கலாம். ஒரே ஒரு வேளை. இரவு 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாய் படுக்கட்டும், 11, 11.30க்கு எழும் வேளையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தது 2 மணிக்குத் தாயின் முறை. இப்படித் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் தூங்கினால்தான் உடம்பு தேறும். "இந்த முறை நீ, அடுத்த முறை நான்" என்று மாறி மாறி எழுந்தால் இருவருக்குமே தூக்கம் துண்டு துண்டாகப் போகும். காலையில் பைக் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மணிக்குப் பிறகான தூக்கம் அவசியம் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவராக இருந்தால் மாலை ஆறு முதல் பத்து வரை உள்ள அந்த அழுகை நேரத்தை ஒப்படைத்துவிடலாம்.

இந்த வேளைக்கான பாலைக் காலையில் எடுக்க வேண்டும். விடியற்காலைப் பால் கொடுத்து முடித்து அரை மணி நேரம் கழித்து, ஒவ்வொரு பக்கமும் 10–15 நிமிடம். அப்போது 30 முதல் 60 மில்லி வந்தாலே நல்ல அளவு. பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் 150 மில்லி புட்டியைப் பார்த்து ஏங்க வேண்டாம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குழந்தை ஒரு நாளைக்குக் குடிப்பதே ஏறத்தாழ 750–800 மில்லி. எட்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 90–100. போதாவிட்டால் இரண்டு முறை எடுத்துச் சேர்க்கலாம், ஆனால் புதிதாக எடுத்த சூடான பாலைக் குளிர்ந்த பாலில் நேரடியாக ஊற்றாதீர்கள். தனியாகக் குளிரவைத்துப் பிறகு சேருங்கள்.

கையால் எடுப்பது பம்ப்பைவிடச் சிலருக்குச் சுலபம், செலவும் இல்லை. கட்டை விரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் காம்பிலிருந்து 3–4 செ.மீ. தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்கித் தேய்த்தாலும் காம்பைக் கிள்ளினாலும் வலி மட்டும்தான் வரும். பம்ப் வாங்கினால் மார்பில் வைக்கும் புனல் அளவைப் பாருங்கள். உடன் வரும் 24 மி.மீ. புனல் பலருக்குப் பெரிது. காம்பின் விட்டத்தைவிட 1–3 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். நேற்றுவரை நன்றாக இழுத்த பம்ப் இன்று இழுக்கவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் காரணம் அந்தச் சின்ன சிலிகோன் வால்வு கிழிந்திருப்பது. பாட்டில் பிரஷ்ஷை அதற்குள் விட்டுத் தேய்த்தால் கிழியும்.

எடுத்த பாலை உடனே ஃபிரிட்ஜில், கதவில் இல்லாமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் வெளியே தாங்கும் என்பது பொதுவான அளவு. சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் அதை நம்ப வேண்டாம். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம் என்பதே வழிகாட்டுதல்; அடிக்கடி திறந்து மூடும், கரண்ட் போகும் வீட்டில் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மேலே ஆடை போல் கொழுப்பு பிரிந்து நிற்கும். திரிந்துவிட்டது என்று கொட்டிவிடும் மாமியார்கள் உண்டு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும். அடுப்பில் நேராகவும் மைக்ரோவேவிலும் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

எதில் கொடுப்பது? நம் வீடுகளில் எப்போதும் இருந்த சங்குதான், மருத்துவமனைப் பேச்சில் பாலாடை. புட்டி கழுவும் தொல்லை இல்லை, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் சுத்தம், மார்பை மறக்கவும் வைக்காது. ஆனால் பழைய முறையில் காலை நீட்டி அதில் குழந்தையை மல்லாக்கக் கிடத்தி வாயில் ஊற்றுவது ஆபத்து. புரையேறும், பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். குழந்தையை மடியில் பாதி உட்கார்ந்த நிலையில், தலையைத் தாங்கிப் பிடியுங்கள். சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும்வரை மட்டும் சாய்த்து, விழுங்கியபின் அடுத்தது. அழும்போதோ அரைத் தூக்கத்திலோ ஊற்றக் கூடாது. 15–20 நிமிடம் எடுக்கும், எடுக்கட்டும். புட்டிதான் என்றால் மெதுவாக வரும் நிப்பிள், குழந்தை நிமிர்ந்து, புட்டி படுக்கைவாக்கில். கடகடவென்று ஐந்து நிமிடத்தில் குடிக்கப் பழகிவிட்டால் மார்பில் உழைத்துக் குடிக்கப் பொறுமை இருக்காது.

இந்த ஏற்பாட்டின் முதல் சில இரவுகளில் தாய் நடுவில் மார்பு கட்டி விழித்துக்கொள்வார். வலி குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டுப் படுக்கட்டும். முழுதாக எடுத்தால் சுரப்பு கூடும், அடுத்த நாள் இன்னும் கட்டும். மார்பின் ஒரு பகுதி சிவந்து, வலித்து, காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். அழுத்தி மசாஜ் செய்வது வீக்கத்தைக் கூட்டும். 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கக் கலக்கத்தில்

குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிப்போகும் அப்பாக்களின் படம் பார்க்க அழகாக இருக்கும். குழந்தைக்கு மூச்சு முட்டும் இடங்களில் சோபா மிக மோசமானது. கண் சொக்கினால் கீழே வைத்துவிடுங்கள்: மல்லாக்க, கெட்டியான படுக்கையில், தலையணையும் மெத்தென்ற போர்வையும் இல்லாமல். குடித்தவர், புகைப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. தூளியில் ஆட்டித் தூங்கவைப்பது அப்பாக்களுக்குக் கைவந்த கலை. ஆனால் சேலைக்குள் உடல் வளைந்து முகவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சுப்பாதை மடங்கும். பால் குடித்து ஏப்பம் வந்த பிறகே போடுங்கள், பார்வையிலேயே வைத்திருங்கள், தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் மேலே சொன்ன இரவு நேரக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொன்ன இடைவெளிதான். எந்தப் பச்சிளங்குழந்தையானாலும் எழுப்பியும் எழாமல் பால் மறுத்தால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராமல், காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் களைப்பில்லை. அதை முதலில் கவனிக்கக் கூடியவர் இரவில் கூட விழித்திருப்பவர்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

தாய்வீட்டில் பிரசவம் பார்த்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அங்கே இரவில் கூட எழுந்தவர் பாட்டி. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்தக் கை திடீரென்று இல்லாமல் போகும். புதிய இடத்தில் குழந்தையும் முதல் வாரம் அதிகம் எழும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வார இறுதிகளில் கணவர் அங்கேயே தங்கி, பாட்டியைத் தூங்கவிட்டு, இரவு வேலையைச் செய்து பழகிக்கொள்ளட்டும். சங்கைப் பிடிப்பதையும் பாட்டியிடமே கேட்டுக்கொள்ளலாம், காலில் கிடத்துவதைத் தவிர்த்து.