கார்ஸ்ட் – கரைகல் நிலம்

கார்ஸ்ட் என்பது முதலில் ஒரு நிலப்பகுதியின் பெயர். இத்தாலியின் திரியெஸ்தே நகருக்குப் பின்னால் ஸ்லோவேனியாவுக்குள் நீளும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை ஸ்லோவேனியர் கிராஸ் என்பர், இத்தாலியர் கார்சோ என்பர். ஜெர்மானியர் வாயில் அது கார்ஸ்ட் ஆயிற்று. அங்கே ரேகா என்னும் ஆறு ஷ்கோட்சியான் குகைக்குள் நுழைந்து மறைகிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில் திமாவோ என்ற பெயரில் மேலே வருகிறது. புவியியலாளர் யோவன் சுவியிச் 1893இல் வெளியிட்ட ஆய்வு, பாறை கரைந்து உருவாகும் நிலம் எங்கிருந்தாலும் அதற்கு இதுவே பெயர் என்று நிலைநிறுத்தியது.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக வேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறை வெடிப்பில் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு போகிறது. வெடிப்பு அகல அகல அதிக நீர் அந்த வழியே வரும். வெடிப்பு குழாயாகி, குழாய் குகையாகும். குகையின் கூரை இடிந்தால் மேலே பள்ளம்.

கரைத்ததை நீர் திரும்ப வைத்துவிடவும் செய்யும். சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியைச் சுரண்டினால் வெள்ளைச் செதில் உதிரும். சூட்டில் வாயு வெளியேற, சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. குகைக் கூரையில் கல்விழுது வளர்வதும் வாயு வெளியேறுவதால்தான். அதற்குச் சூடு வேண்டியதில்லை.

தமிழில் 'சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றம்' என்று எழுதுகிறோம். அது போதாது. கல்லின் பெயரைச் சொல்கிறது, நடப்பதைச் சொல்லவில்லை. ஜிப்சம் பாறையிலும் கார்ஸ்ட் உண்டாகிறது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகக் 'கரைகல் நிலம்' என்றால் கரைந்த கல், கரைகின்ற கல், கரையும் கல் என மூன்று காலமும் அதில் அடங்கும்.

இடிந்த பள்ளத்துக்குப் புதுச்சொல்லே வேண்டாம். பாடநூல்கள் 'உறிஞ்சு துளை' என்கின்றன. பள்ளம் எதையும் உறிஞ்சுவதில்லை. பாறையில் இயற்கையாக அமைந்த நீர்க்குழியை யாழ்ப்பாணத்தார் பொக்கணை என்கிறார்கள். ஊரெழுவில் அப்படியொரு பொக்கணை உண்டு. நிலாவரைக் கிணறும் மனிதர் வெட்டியதல்ல, பாறை இடிந்து திறந்தது. ஆழம் 50 மீட்டருக்கு மேல். மேலே நன்னீர், அடியில் உப்புநீர்.

குடாநாட்டு நிலத்தடி நீர் முழுவதற்குமே அந்த இரண்டடுக்குதான் அமைப்பு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. மாரிமழை பாறைக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருக்கு 1.025. ஆகவே நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உவர்நீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலேறும். கிணறு உவராகும்போது இன்னும் ஆழமாகத் துளையிடுவது உப்பைத் தேடிப் போவதுதான். ஆழம் குறைந்த கிணறு, சிறிய மோட்டார், இடைவெளி விட்ட இறைப்பு என்பதே அங்கு பொருந்தும்.

மணலில் நீர் மெதுவாக வடிந்து வரும். கரைகல் நிலத்தில் குழாய்வழி நேரே வரும், வடிகட்ட ஒன்றுமில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இத்தனை அடி விட்டால் போதும் என்ற விதியை இங்கே நம்பக்கூடாது. இரண்டையும் இணைக்கும் ஒரு வெடிப்பு இருந்தால் தூரம் காப்பாற்றாது. குழியின் அடியையும் பக்கங்களையும் கசியாமல் பூசி, நிரம்பும்போது உறிஞ்சி எடுத்து அகற்ற வேண்டும்.