மாக் ஆப்ஜெக்டுக்கு ஏன் 'போலிப் பொருள்' ஆகாது

மென்பொருளைச் சோதிக்கும்போது அசல் பாகத்துக்குப் பதிலாக நிரலில் நிற்க வைப்பதுதான் மாக் ஆப்ஜெக்ட் (mock object). கோலாலம்பூரில் தமிழில் நிரலாக்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் அதைப் 'போலிப் பொருள்' என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த ஊரில் போலிப் பொருள் என்றால் பெட்டாலிங் ஸ்திரீட் கைக்கடிகாரமும் கைப்பையும்தான், அமைச்சு அதிகாரிகள் பறிமுதல் செய்ததாகப் பத்திரிகையில் வருமே, அது.

மாக், கேலி செய்வதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவரைப் போலச் செய்துகாட்டிக் கேலி செய்வதால் 'போலச் செய்தல்' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. மென்பொருள் சோதனையில் இந்தப் பெயர் 2000இல் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் எழுதிய கட்டுரையோடு பரவியது.

போலி என்றாலே அதில் ஏமாற்று இருக்கிறது. மாக் யாரை ஏமாற்றுகிறது? நிரலிலிருந்து இந்த அழைப்பு வரும், வந்தால் இந்தப் பதிலைக் கொடு என்று சோதனை எழுதுபவரே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறார், எதிர்பார்த்த அழைப்பு வராவிட்டால் சோதனை தோற்கும். ஜெரார்ட் மெசரோஸ் 2007இல் வெளிவந்த மென்பொருள் சோதனை நூலில் இப்படிப்பட்ட பதிலிகளை டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் என்று ஐந்தாகப் பிரித்தார். ஃபேக் என்பது நினைவகத்திலேயே ஓடும் தரவுத்தளம் மாதிரி, உண்மையாகவே வேலை செய்யும் எளிய வடிவம். போலியை மாக்குக்குக் கொடுத்துவிட்டு ஃபேக்குக்கு என்ன சொல்வார்கள்? அதையும் போலி என்றே எழுதுகிறார்கள், படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகிறது!

'மாக் டெஸ்ட்' மாதிரித் தேர்வு ஆனதைப் பார்த்து 'மாதிரிப் பொருள்' என்பவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து. மாதிரி என்றால் அசலைப் பார்த்துச் செய்தது என்ற நம்பிக்கை வந்துவிடும். பணம் செலுத்தும் சேவைக்கு ஒரு மாக் வைத்து, 50 ரிங்கிட்டுக்கு 50 என்று அனுப்பினால் 'சரி' சொல்லும்படி எழுதிவிடுகிறோம். அசல் சேவை தொகையைச் சென்னில் கேட்கிறது, ஒரு ரிங்கிட்டுக்கு நூறு சென், 5000 போயிருக்க வேண்டும். சோதனைகள் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன, வாடிக்கையாளரிடம் பிடித்ததோ 50 சென். மாக்குக்கு நாம் சொல்லிக்கொடுத்ததைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அதனால் நான் 'வேடப்பொருள்' என்கிறேன். வேடம் கட்டியவர் கொடுத்த வசனத்தைத்தான் பேசுவார், கேட்பவருக்கும் அது வேடம் என்று தெரியும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்களே தவிர, அந்தப் பொருள் நிரலில் என்ன வேலை செய்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை. 'கேலிப் பொருள்' என்றுகூட ஒரு பாடக்குறிப்பில் பார்த்தேன். வேடப்பொருள் பிடிக்காவிட்டால் மாக் என்றே எழுதட்டும், அப்புறம் போலியை ஃபேக்குக்கு விட்டுவிடட்டும்.