கழுவுவதற்கு முன் ஒரு தாடையில் பார்க்க வேண்டியவை

தொல்லுயிர் ஒன்றின் தாடை எலும்பு கைக்குக் கிடைத்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, அதைத் தண்ணீரில் நனைத்துத் தூரிகையால் தேய்ப்பதுதான். அடையாளம் கேட்டு ஆய்வாளர்களிடம் கொண்டுவரப்படும் தாடைகளில் பல, வார்னிஷ் பூசப்பட்டும், உடைந்த பற்கள் நொடியில் இறுகும் பசையால் ஒட்டப்பட்டும், சில வேளைகளில் பல் வேறு பெட்டியிலும் எலும்பு வேறு பெட்டியிலுமாகவும் வந்து சேர்கின்றன. கொண்டுவருபவர் அக்கறையோடுதான் இதையெல்லாம் செய்திருப்பார். ஆனால் எலும்பின் மேல் அழுக்கு என்று தோன்றுவதில்தான் அதன் வயது இருந்திருக்கக்கூடும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திபெத்தியப் பீடபூமியிலுள்ள பைஷியா குகையிலிருந்து 1980ஆம் ஆண்டில் துறவி ஒருவர் எடுத்த கீழ்த்தாடையின் வலப்பாதி, பல ஆண்டுகளுக்குப் பிறகே விரிவாக ஆராயப்பட்டு, 2019இல் அதன் முடிவுகள் வெளியாயின. பல்லின் உட்பகுதியில் எஞ்சியிருந்த புரதம் அது டெனிசோவன் என்னும் தொல்மனித இனத்தைச் சேர்ந்தது என்று காட்டியது. எலும்பின் மேல் ஒட்டிக் கெட்டிப்பட்டிருந்த சுண்ணாம்புப் படிவிலுள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் அளந்ததில், தாடை குறைந்தது 1,60,000 ஆண்டுகள் பழமையானது என்று தெரியவந்தது. அந்தப் படிவை யாராவது சுரண்டி எடுத்திருந்தால் இனம் தெரிந்திருக்கும், வயது தெரிந்திருக்காது. தைவானை ஒட்டிய கடலடியிலிருந்து மீன்வலையில் சிக்கி மேலே வந்த பெங்ஹு தாடைக்கு ஏறத்தாழ அந்த நிலைதான். 2025இல் வெளியான புரத ஆய்வு அதையும் டெனிசோவன் என்றே இனங்கண்டது. ஆயினும் எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாததால், அதன் வயது 10,000 முதல் 70,000 ஆண்டுகள் அல்லது 1,30,000 முதல் 1,90,000 ஆண்டுகள் என்ற அகன்ற வரம்புக்குள்தான் நிற்கிறது.

ஆகவே எடுக்கும்போதே இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகருக்கு அருகில் மவர் என்னும் ஊரின் மணற்குழியில், 1907 அக்டோபர் 21 அன்று டேனியல் ஹார்ட்மன் என்ற தொழிலாளியின் மண்வெட்டியில் ஒரு கீழ்த்தாடை அகப்பட்டது. அத்தகைய ஒன்று கிடைக்கக்கூடும் என்று ஓட்டோ ஷோட்டென்சாக் என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகளாக அந்தக் குழியின் உரிமையாளரிடம் சொல்லி வைத்திருந்ததால், தாடையும் அது கிடந்த அடுக்கும் உடனே கவனத்துக்கு வந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, அதே அடுக்கின் மணலையும் விலங்குப் பற்களையும் கொண்டு, அதன் வயது ஏறத்தாழ 6,09,000 ஆண்டுகள் என்று கணிக்க முடிந்தது அதனால்தான். இன்று கைபேசியில் ஒரு படம், இருப்பிடக் குறியீடு, ஆழம், சுற்றியுள்ள மண்ணில் ஒரு கைப்பிடி ஆகியவை போதும். இவற்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இனி அடையாளம். எல்லோரும் பல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள்; நான் பல்லைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். முதலில் தாடையின் உட்பக்கத்தை, அதாவது நாக்கு இருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாலூட்டிகளின் கீழ்த்தாடை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே எலும்பால் ஆனது. முதலை, பல்லி, டைனோசர் போன்றவற்றில் பல எலும்புகள் சேர்ந்தே ஒரு பக்கத் தாடை அமைகிறது என்பதால், அவற்றின் இணைப்புக் கோடுகள் உட்பக்கத்தில் தெரியும். அல்லது முன்துண்டு மட்டும் தனியாகக் கழன்று கிடைக்கும். அடுத்தது, பல் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது. பாலூட்டிகளிலும் முதலைகளிலும் அது ஆழமான குழிக்குள் நிற்கும். பல பல்லிகளில் தாடையின் உட்சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும். பச்சோந்தி போன்றவற்றில் விளிம்பின் மேலேயே எலும்போடு எலும்பாகச் சேர்ந்திருக்கும். பற்கள் எல்லாம் உதிர்ந்துபோன தாடையில்கூட இந்தக் குழிகளின் எண்ணிக்கை, வடிவம், இடைவெளி ஆகியவற்றை வைத்தே எந்த விலங்குக் குழுவைச் சேர்ந்தது என்று பல வேளைகளில் சொல்லிவிட முடிகிறது.

மூன்றாவது, பின்முனையிலுள்ள மூட்டு. அது உடைந்திருந்தால் எந்தத் தீர்ப்பையும் அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. 1912இல் இங்கிலாந்தில், ஒரு மண்டையோட்டோடும் தாடையோடும், தொல்மனிதன் என்று அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மனிதனின் தாடை, உண்மையில் சாயம் ஏற்றப்பட்ட ஒராங்குட்டான் தாடை. மண்டையோட்டோடு சேரும் மூட்டுமுனை அதில் இல்லாமலிருந்ததால் இரண்டும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க வழியில்லாமல் போனது, கடைவாய்ப்பற்களோ மனிதப் பற்களைப் போலத் தேய்ந்தவையாகத் தோன்றும்படி அரத்தால் ராவப்பட்டிருந்தன. அந்த மோசடி 1953இல்தான் வெளிப்பட்டது. மோசடியே இல்லாமலும் தேய்மானம் ஏமாற்றும்: 1922இல் நெப்ராஸ்காவின் ஒற்றைக் கடைவாய்ப்பல் ஒன்றை வைத்து அமெரிக்காவின் முதல் மனிதக்குரங்கு என்று ஓர் இனமே பெயரிடப்பட்டது, சில ஆண்டுகளில் அது பன்றியின் தூரத்து உறவான பெக்கரியின் பல் என்று தெரிந்து, 1927இல் அந்த முடிவு கைவிடப்பட்டது.

பல்லுக்கு வந்தால், அரைக்கும் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். யானையின் அழிந்துபோன உறவுகளில், மாமூத்தின் பல்லில் எனாமல் தகடுகள் குறுக்கே வரிசையாக நிற்கும். மாஸ்டடானின் பல்லில் கூம்பு போன்ற முகடுகள் இணையிணையாக எழும். முழுப்பல் வேண்டியதில்லை, கைப்பிடி அளவுத் துண்டிலேயே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். மாட்டினத்தில் பிறை வடிவ மடிப்புகளும், குதிரையில் நெளிந்து சிக்கலாகும் எனாமல் கோடுகளும் இருக்கும். ஆற்றங்கரையில் கிடைத்துக் கொண்டுவரப்படும் தாடைகளில் பல, அண்மைக் காலத்து மாடு, குதிரைகளுடையவையாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுத்த நிறம் பழமைக்குச் சான்றாகாது. சேற்றிலும் சதுப்பிலும் கிடக்கும் எலும்பு மிகக் குறுகிய காலத்திலேயே கறுத்துவிடும். புதைபடிவமா என்று அறிய, நாக்கை வைத்து ஒட்டுகிறதா என்று பார்ப்பதும், சூடான ஊசியால் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். முன்னது நிச்சயமற்றது, பின்னது எலும்பைக் கெடுக்கிறது.

விலை கொடுத்து வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. சுறாவின் தாடை குருத்தெலும்பால் ஆனது, அது அரிதாகவே புதைபடிவமாகிறது. ஆகவே மெகலோடானின் முழுத் தாடை என்று காட்சிக்கு வைக்கப்படுவது, உண்மையான பற்களோ வார்ப்புகளோ பொருத்திய செயற்கைச் சட்டமே. மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வரும், மொசசார் என்னும் அழிந்துபோன கடல் ஊர்வனவற்றின் தாடைகளில், வெவ்வேறு விலங்குகளின் உண்மையான பற்களை மணலும் பசையும் கலந்த பூச்சில் பதித்து உருவாக்கியவை மிகுதி. புற ஊதா விளக்கின் கீழ் பசையும் எலும்பும் பெரும்பாலும் வெவ்வேறாக ஒளிரும். பல்லைச் சுற்றியுள்ள மண் ஒரே சீராக, கல்லின் அடுக்கமைப்பே இல்லாமல் இருந்தால் ஐயப்பட வேண்டும். ஆய்வாளர்களும் இதிலிருந்து தப்பவில்லை: 2021இல் ஒரு தாடையை வைத்துப் பெயரிடப்பட்ட செனோடென்ஸ் என்னும் மொசசார் இனம் போலியாக இருக்கலாம் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பி, அதைச் சி.டி. ஸ்கேன் செய்யக் கோரினர்.

உடையும் நிலையிலுள்ள தாடையைத் தோண்டிப் பிடுங்காமல், சுற்றிலும் மண்ணோடு சேர்த்து வெட்டி, ஈரத்தாள் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணி சுற்றி எடுப்பதே முறை. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் பாரலாய்டு பி-72 போன்ற, அசிட்டோனில் மீண்டும் கரைந்துவிடும் பிசினைப் பயன்படுத்த வேண்டும்; நொடிப்பசையைப் பிரிப்பது மிகக் கடினம். அமிலத்தை அறவே தொடக்கூடாது, ஏனெனில் கல்லைக் கரைக்கும் அமிலம் எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டையும் தாக்கும்.

எடுப்பதற்கு முன் அந்த நிலத்தின் சட்டத்தை அறிந்துகொள்வது கட்டாயம். பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அமெரிக்காவில் கூட்டாட்சி நிலத்தில் முதுகெலும்பிகளின் எச்சங்களை அனுமதியின்றி எடுக்க 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. நாட்டுக்கு நாடு இது மாறும்.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்புவோர், வெளிப்பக்கம், உட்பக்கம், மேலிருந்து அரைக்கும் பரப்பு, உடைந்த முனைகள் ஆகிய அனைத்தையும் தனித்தனியாக, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, சாய்வான ஒளியில் எடுத்து அனுப்ப வேண்டும். உட்பக்கப் படம் இல்லாமல் வரும் கேள்விகளுக்கு, அந்தப் படத்தைக் கேட்டே முதல் பதிலை எழுத வேண்டியிருக்கிறது.