பறித்த மொட்டுக்கு மணி சொல்வது யார்?

“விடிவதற்குள் பறித்த மல்லி மொட்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வந்து, சாக்கிலும் பையிலுமாகக் கிடந்து, சாயங்காலம் வரை மொட்டாகவே இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் விரிகிறது. செடியை விட்டு வந்த பிறகு அதற்கு யார் மணி சொல்வது?” கேட்டவர் திருமங்கலத்தில் பூ கட்டி விற்கும் வாசகி.

பறிக்கிறவர்களின் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. அன்று விரியப்போகிற வெள்ளை மொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பச்சை மாறாததைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். ஆனால் வாசனைக்கு நேரம் குறிக்கும் கணக்கு பூவுக்குள்ளேயே இருக்கிறது. 1729-இல் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாச்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமலும் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. அதாவது, செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. செடிக்கு மூளை கிடையாது. அதனால் கடிகாரம் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் தனித்தனியாக ஓடுகிறது. காம்பைக் கிள்ளினால் அது நின்றுவிடாது.

அந்தக் கடிகாரத்தில் முள்ளும் இல்லை, சக்கரமும் இல்லை. விடியலில் செல்லுக்குள் எல்எச்ஒய் என்ற புரதம் குவிகிறது. டிஎன்ஏ-வில் சில குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. அது ஒட்டியிருக்கும் வரை சாயங்கால மரபணுக்கள் இயங்க முடியாது. டாக்-1 அவற்றில் ஒன்று. பொழுது ஏற ஏற எல்எச்ஒய் சிதைந்து குறைகிறது, புதிதாக உற்பத்தியாவதும் நிற்கிறது. பிடி தளர்ந்ததும் டாக்-1 புரதம் உருவாகிறது. உருவானதும் அது என்ன செய்கிறது தெரியுமா? எல்எச்ஒய் மரபணுவையே போய் அடக்குகிறது! இரவு கழியும்போது டாக்-1 தீர்ந்துபோக, மறுபடி எல்எச்ஒய் தலையெடுக்கிறது. மில் ஷிஃப்ட் மாதிரிதான். என்ன, இங்கே உள்ளே இருப்பவர் கிளம்பினால்தான் அடுத்தவருக்கு வழி, வந்தவரோ கிளம்பியவரைத் திரும்ப விடுவதில்லை. உண்மையான சுற்றில் இன்னும் பல புரதங்கள் உண்டு. ஆனாலும் ஒன்றையொன்று அடக்குவதை வைத்தே ஒரு முழு நாளை அளந்துவிடலாம் என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, வாசனை? இதைத் தெளிவாகக் காட்டியது பெட்டூனியா. மல்லிக்கு உறவில்லை, ஆனால் அதைப் போலவே ராத்திரியில் மணந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ. வாசனை தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் ஓடிஓ-1 என்ற மரபணுவின் மேல் காலையில் எல்எச்ஒய் உட்கார்ந்திருக்கிறது. மாலையில் அது விலகியதும் தயாரிப்பு தொடங்குகிறது. 2015-இல் வெளியான ஆய்வில் எல்எச்ஒய்-யை எந்நேரமும் சுரக்கும்படி மாற்றிய செடிகளில் வாசனையே அடங்கிப்போனது; அதைக் குறைத்த செடிகள் நேரத்துக்கு முன்பே மணந்தன.

கடிகாரம் இருந்தால் அதற்கு நேரம் திருத்தவும் வேண்டும். பெரும்பாலும் வெளிச்சம் அதைச் செய்கிறது. வெளிச்சமே புகாத இடத்தில்? அதற்கு ஒரு விடை மதுரையிலிருந்தே வந்தது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் சக ஆய்வாளரும் குகை இருட்டில் வௌவால்களைக் கூண்டிலிட்டுக் கவனித்தார்கள். தனியாக இருந்த வௌவாலின் கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து நழுவியது. சுதந்திரமாகப் போய்வரும் கூட்டத்தின் நடுவே கூண்டில் இருந்ததோ அந்தக் கூட்டத்தின் நேரத்துக்கே ஒத்துப்போனது. 1981-இல் வெளியான முடிவு இது. முக்கியக் கருவி பொறுமை. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் “என்ன பயன்?” என்று முதலில் கேட்கிறோம். 2017-இல் ஈக்களின் கடிகார மரபணுவுக்கு மருத்துவ நோபல் கொடுத்தபோது கைதட்டியதும் நாம்தான்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் “காலை 5 முதல் 7 பெருங்குடல் நேரம்” என்றொரு அட்டவணை சுற்றுகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்லீரல் செல்லிலும் கடிகாரம் ஓடுவது உண்மை. உறுப்புக்கு இரண்டு மணி நேரம் என்று பங்கு பிரித்துக் கொடுத்தது அறிவியல் அல்ல.

இன்னும் அவிழாத முடிச்சு வெப்பநிலை. பொதுவாக வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அப்படியானால் சித்திரை வெயிலில் மல்லியின் நாள் சுருங்கியிருக்க வேண்டுமே? உயிர்க் கடிகாரங்கள் அப்படி ஓடுவதில்லை. 2005-இல் ஜப்பானில் தகாவோ கொண்டோ குழு, நீலப்பச்சைப் பாக்டீரியாவின் மூன்று புரதங்களையும், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறையும் சோதனைக் குழாயில் கலந்தது. செல்லே இல்லாத அந்தக் கரைசல் சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் ஓடியது. வெப்பநிலையை மாற்றியும் வேகம் ஏறக்குறைய மாறவில்லை. சில வினைகள் வேகமெடுத்தால் அவற்றுக்கு எதிராக வேலை செய்யும் வினைகள் அதை ஈடுகட்டுகின்றன என்பது ஒரு விளக்கம். வேகத்தைத் தீர்மானிக்கும் முக்கியப் படியே வெப்பத்துக்கு அசையாது என்பது இன்னொன்று. எல்லா உயிர்களுக்கும் பொருந்தும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

இந்தச் சலுகையும் உயிர் வாழத் தோதான வெப்பநிலை வரைதான். விமானம் ஏறும் மல்லியைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸோடு அடைக்கிறார்களே, அங்கே இதழ் விரிவதும் வாசனை தயாராவதும் சேர்ந்தே தாமதமாகின்றன.