அஸ்பார்ட்டேம்: யாருக்கு, எவ்வளவு, எப்போது?

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவுடன் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், செயற்கை இனிப்பூட்டிப் பொட்டலம் ஒன்றை என் மேசைமேல் வைத்து, இது நல்லதா கெட்டதா என்று கேட்கிறார்கள். ஊட்டச்சத்து ஆலோசகராக நான் முதலில் செய்வது, உறையின் பின்பக்கத்தை அவர்களோடு சேர்ந்து படிப்பதுதான். ஒரு கிராம் பொட்டலத்தில், இனிப்பைத் தரும் அஸ்பார்ட்டேம் ஏறத்தாழ 35 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மீதி பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்புப் பொருள்கள். இவையும் மாவுச்சத்தே என்பதைப் பலர் அப்போதுதான் அறிகிறார்கள்.

1965-இல் குடற்புண் மருந்து ஆய்வின்போது ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டறிந்த அஸ்பார்ட்டேம், அஸ்பார்ட்டிக் அமிலம், பினைல்அலனின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்கள் இணைந்த மெத்தில் எஸ்டர் என்னும் வகைச் சேர்மம் ஆகும். சர்க்கரையைப் போலவே இதுவும் கிராமுக்கு 4 கலோரி தரும். ஆனால் அதைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பதால், தேவைப்படும் அளவு மிகச் சிறிது. குளிர்பானம், சூயிங்கம், ஜெலட்டின் இனிப்பு ஆகியவற்றில் மட்டுமல்லாமல், மென்று விழுங்கும் மாத்திரைகளிலும் சில மருந்துப் பொடிகளிலும் இது சேர்க்கப்படுகிறது. உறையில் பெயருக்குப் பதிலாக 951 என்ற எண் மட்டும் இருக்கலாம்.

அதிக வெப்பத்தில் இது சிதைந்து இனிப்பை இழக்கும். எனவே அடுப்பில் நெடுநேரம் கொதிக்கும் பண்டங்களுக்கோ, ஓவனில் வேகும் கேக்குக்கோ இது ஏற்றதல்ல. இறக்கி ஆறவைத்த பிறகு கலப்பதே முறை.

2023 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு வரம்புக்குட்பட்ட சான்றே உள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அச்செய்தி பரவிய வேகத்தில், அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது பலரைச் சென்றடையவே இல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இவ்வரம்பு 2,800 மில்லிகிராம். எனினும் குழந்தையின் எடை குறைவு என்பதால், அதன் வரம்பும் அதே விகிதத்தில் குறையும் என்பதைப் பெற்றோர் கணக்கில் கொள்ள வேண்டும். உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்றும் அந்நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் பரிந்துரைத்தது; ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது.

பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். பினைல்அலனினைச் சிதைக்கும் நொதி அவர்கள் உடலில் சரிவர இயங்காததால், அது இரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும். இத்தகைய குழந்தைக்கு மருந்து வாங்கும்போதும் மருந்தாளுநரிடம் கேட்டறிவது அவசியம்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து, வியர்த்து, கை நடுங்கும் வேளையில், வீட்டார் பதற்றத்தில் சர்க்கரையற்ற பானத்தைக் கொடுத்துவிடுவதுண்டு. நாக்குக்கு இனிக்கும் அந்தப் பானத்தால் இரத்தத்தில் குளுக்கோஸ் உயராது. அப்போது கொடுக்க வேண்டியது சுமார் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது உண்மையான சர்க்கரை கலந்த நீர். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, அளவு ஏறவில்லையென்றால் இன்னொரு முறை தரலாம். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் புகட்டாமல், உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.