கொத்தனாரைக் கூப்பிடும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

சுவரில் பூச்சு உதிர ஆரம்பித்தால் பலரும் முதலில் பெயிண்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் வந்து சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசி மழையில் அதே இடம் மறுபடி பொரிந்து நிற்கும். கோளாறு பெயிண்டுக்கு உள்ளே, 12 மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சிலோ அதற்கும் பின்னால் செங்கல்லிலோ இருக்கும்போது மேல்பூச்சு என்ன செய்யும்?

எங்கே கோளாறு என்று பார்க்க விரல் முட்டியே போதும். சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சு 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். ஓரிடத்தில் ஒலி 'டொப்' என்று மாறினால், அங்கே பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்து நடுவில் காற்று புகுந்திருக்கிறது. ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த விரிசல் ஒரு சாண்தான் என்றாலும், வரைந்து முடித்த வட்டம் ஒரு முழத்துக்குப் போவது சகஜம். கொத்தி எடுக்க வேண்டியது அந்த வட்டம் முழுவதையும். விரிசலை மட்டும் அடைத்தால் அதன் ஓரத்திலேயே புது விரிசல் விழும்.

பூச்சு செங்கல்லைப் பிடித்துக்கொள்வதே ஒரு வேதிவினையால்தான். சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் அது தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட் நீரோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளாக வளர்கிறது. அவை மணலைப் பிணைப்பதோடு செங்கல்லின் துளைகளுக்குள்ளும் புகுந்து பின்னிக்கொள்கின்றன. இந்த வளர்ச்சி நாட்கணக்கில் நடக்கும். நடுவில் ஈரம் போய்விட்டால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். பூச்சு முடிந்து ஏழு நாளாவது தண்ணீர் விடச் சொல்வது இதற்காகத்தான். சித்திரை வெயிலில் ஒரு நாள் தவறினாலும், கையால் தேய்த்தால் மணல் கொட்டும் சுவர் கிடைக்கலாம்.

பூசுவதற்கு முன் சுவரை நனைப்பதும் இதே காரணத்துக்குத்தான். உலர்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அதனால் ஒட்ட வேண்டிய அந்த மெல்லிய படலத்திலேயே சிமெண்ட் அரைவேக்காடாக நின்றுவிடும். அதற்காகச் சொட்டச் சொட்ட நனைக்கவும் கூடாது. துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருந்தால் கலவைக்கு உள்ளே போக வழியில்லை. கான்கிரீட் தூணில் துளைகளே குறைவு. அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் பூச வேண்டும். தூணும் செங்கல் சுவரும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிபவை. அவை சேரும் இடத்தில் நேர்க்கோடாக விரிசல் விழுந்திருந்தால், கோழி வலை அடித்து அதன்மேல் பூசச் சொல்லுங்கள்.

'சிமெண்டைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க' என்று வீட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. இது பெரும்பாலும் வீண்செலவு, சில சமயம் கெடுதலும்கூட. சிமெண்ட் கூடக்கூடக் கலவை சுருங்குவதும் கூடும், விரிசலும் கூடும். உட்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும்; சீலிங்குக்கு நாலு பங்கு. சீலிங்கில் தடிமனும் 6 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் போனால் தன் எடையே அதைக் கீழே இழுக்கும். வழவழப்புக்காக வெறும் சிமெண்டைத் தூவித் தேய்க்கும் பழக்கமும் அப்படித்தான். அந்த மேல்படலம் அடிப்பூச்சைவிட அதிகம் சுருங்கி, வலை வலையாக மயிரிழை விரிசல் விடும்.

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கதை வேறு. தரை ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது, கூடவே கரைந்த உப்பையும் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போனதும் உப்பு படிகமாகிறது. அந்தப் படிகம் துளைக்குள்ளேயே வளரும்போது துளையின் சுவரை நெட்டித் தள்ளும். பூச்சு பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். இதன்மேல் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் வெளியே போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, இடுப்பளவில் இருந்த கறை தோளளவுக்குப் போகும். பாத்ரூம் குழாய்க் கசிவு, மொட்டை மாடியில் தேங்கும் நீர், அஸ்திவாரத்து ஓதம் என்று ஈரத்தின் மூலத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதில் அர்த்தமில்லை.

சீலிங்கில் பெயர்ந்து விழுவதையெல்லாம் பூச்சுக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவினால் காரம் குறைந்து படலம் போய்விடும். மழைநீர்க் கசிவும் சேர்ந்தால் துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் அடியிலுள்ள கான்கிரீட் பாளமாகக் கழன்று விழுகிறது. கம்பி தெரிந்துவிட்டால் பொறியாளரை அழைத்துக் காட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். துருவின்மேல் சாந்து அப்புகிறவர் அடுத்த பாளத்துக்கு நாள் குறிக்கிறார்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சுண்ணாம்பு, காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். அது மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சிறு விரிசலில் கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து அங்கேயே படியவைப்பதால் சில விரிசல்கள் தானாகவே மூடிக்கொள்ளும். அதன்மேல் கெட்டி சிமெண்டால் ஒட்டுப் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, ஒட்டைச் சுற்றியுள்ள பழைய காரை மாவாகிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

ஆளை அமர்த்தும்போது ஒட்டு வேலைக்குச் சதுர அடிக் கணக்கைவிட நாள் கூலியே மேல் என்பது என் எண்ணம். சதுர அடிக்குக் கூலி என்றால் கொத்தி எடுப்பதில் அவசரம் வந்துவிடும். எவ்வளவு தூரம் கொத்துவார், குப்பையை யார் அள்ளுவது, பூசிய பின் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்பதையெல்லாம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டீ குடித்துவிட்டு வந்ததும் சட்டியில் இறுகிக் கிடக்கும் கலவையில் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கிளறினால், "அண்ணே, இது எப்பப் போட்ட கலவை?" என்று தயங்காமல் கேளுங்கள். சிமெண்ட் அரை மணி நேரத்துக்குப் பிறகு இறுகத் தொடங்கலாம். அப்படித் தொடங்கியதை மறுபடி கிளறினால் அப்போதுதான் வளர ஆரம்பித்த இழைகள் அறுந்துபோகும். நல்ல கொத்தனார் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைக்கச் சொல்வார்.

அப்புறம், பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். புதுப் பூச்சில் காரமும் ஈரமும் ஏராளம். அது நிறத்தைத் தின்னும், பெயிண்டைக் கொப்புளமாக்கும். ஒரு மாதமாவது ஆறவிட்டுவிட்டுப் பட்டிக்காரரைக் கூப்பிடலாம்.