டிசைன் வேலைக்கு 45 நாளில் பணம்: சிறு ஸ்டூடியோக்களுக்கு உத்யம் பதிவு தரும் உரிமை

லோகோ, இனிப்புப் பெட்டி அட்டை, துணிக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டு மலர் என்று வேலை செய்து தரும் இரண்டு மூன்று பேர் கொண்ட கிராஃபிக் டிசைன் ஸ்டூடியோக்களை நடத்துவோரில் பலர், உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பதிவு) என்பது வங்கிக் கடன் கேட்பவர்களுக்கும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் உரியது என்று எண்ணி அதை ஒதுக்கிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் மேசையும் மட்டும் முதலீடாக உள்ள தொழிலுக்கு அது எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பதிவால் ஸ்டூடியோவுக்குக் கிடைப்பவற்றுள் கடன் சலுகையைவிடப் பெரியது, செய்து கொடுத்த வேலைக்கான பணத்தை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பெறுவதற்கும், தவறினால் வட்டியுடன் கேட்பதற்கும் உள்ள சட்ட உரிமையே. அந்த உரிமை எப்போது பிறக்கிறது, எங்கே நழுவிப் போகிறது என்பதை இங்கே காண்போம்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15 முதல் 24 வரையிலான பிரிவுகள் தாமதமாகும் பணத்தைப் பற்றியவை. சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்லாமல் சேவை அளிப்பவரையும் ‘வழங்குநர்’ என்று கொள்வதால் டிசைன் வேலை இதற்குள் அடங்கும். இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான்; நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரையறைப்படி, இயந்திரம் மற்றும் கருவிகளில் முதலீடு 2.5 கோடி ரூபாயையும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயையும் தாண்டாதது குறு நிறுவனம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் அநேகமாக எல்லாமே இந்த வரம்புக்குள்தான் வரும்.

பதிவு செய்வது எளிது. 2020 ஜூலை 1 முதல் இயங்கும் உத்யம் இணையதளத்தில், தனிநபர் நிறுவனமாக இருந்தால் உரிமையாளரின் ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொண்டு சுய அறிவிப்பாகவே பதிந்துவிடலாம். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. கூட்டாண்மை நிறுவனமானால் நிர்வாகப் பங்குதாரரின் ஆதார் தேவைப்படும். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பதால், ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு ஸ்டூடியோவும் உத்யம் பதிவு பெறலாம். வீட்டின் ஓர் அறையிலிருந்து வேலை செய்பவர் வீட்டு முகவரியையே தரலாம். கட்டணம் ஒரு பைசாகூட இல்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும் தனியார் தளங்களில் பணம் கட்டிவிட்டு வருந்துவோர் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவின்போது தொழில் வகையைக் குறிக்கும் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறப்பு வடிவமைப்புப் பணிகள் 7410 என்ற வகுப்பில் வருகின்றன. விளம்பரம் 7310இல், அச்சு வேலை 1811இல். செய்யும் வேலைகள் ஒன்றுக்கு மேற்பட்டவையானால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வெளியே அச்சடித்த விசிட்டிங் கார்டையும் பிளெக்ஸையும் வாங்கி விற்பது மட்டுமே தொழிலாக இருந்தால் அது வணிகமாகக் கருதப்படும். வணிகர்களும் உத்யம் பதிவு பெறலாம் என்று 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தபோது, அந்தப் பயன் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு (வங்கிகள் குறிப்பிட்ட துறைகளுக்கென ஒதுக்கித் தர வேண்டிய கடன்) மட்டுமே என்று வரையறுத்துவிட்டது. ஆகவே டிசைன் கூலியையும் அச்சுச் செலவையும் பில்லில் தனித்தனி இனமாகக் காட்டுவது நல்லது.

பதிவை வேலைக்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப் போய்ப் பதிவு செய்து, பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டுவது பலிக்காது என்பதே உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும் 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் எடுத்த நிலைப்பாடு. 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு இதற்கு மாறுபட்ட கருத்தைத் தெரிவித்து, கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. சட்ட வாதம் எப்படி முடிந்தாலும், அரை மணி நேரத்தில் இலவசமாக முடியும் ஒரு பதிவைத் தள்ளிப்போட்டு அந்த வாதத்தில் நாம் சிக்குவானேன்?

இனி நாள் கணக்கு. வாடிக்கையாளருக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் அந்தக் கெடு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களை மீறக் கூடாது. பெரிய நிறுவனத்தின் கொள்முதல் ஆணையில் ‘90 நாட்களில் பணம்’ என்று அச்சிட்டிருந்தாலும், அதில் நாம் கையெழுத்திட்டிருந்தாலும், சட்டத்தின் முன் 45 நாள்தான் செல்லும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கெடு இன்னும் குறுகி 15 நாட்களாகிவிடும். வாய்ப்பேச்சிலேயே வேலை வாங்குபவருக்குத்தான் கெடு நெருக்கமானது என்பதைப் பலரும் அறிவதில்லை.

டிசைன் தொழிலில் சிக்கல் எழுவது ‘ஏற்றுக்கொண்ட நாள்’ எது என்பதில்தான். செங்கல்லோ நூலோ என்றால் லாரியிலிருந்து இறக்கிய நாள் கண்ணுக்குத் தெரியும். லோகோவுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. முதல் மாதிரி போகும், நிறம் மாறும், எழுத்துரு மாறும், முதலாளியின் மைத்துனர் ஒரு கருத்துச் சொல்வார், கடைசியில் முதல் மாதிரியே மேல் என்று திரும்பி வரும். சட்டம் சொல்வது இது: சேவையை அளித்து முடித்த நாளே ஏற்ற நாள். அந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வாடிக்கையாளர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்தக் குறையை நாம் நீக்கிய நாள் ஏற்ற நாளாகும். 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் எதுவும் வராவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஆக, தொலைபேசியில் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி இரண்டு மாதம் கழித்துத் திருத்தம் கேட்பதனால் கெடு நீள்வதில்லை.

இந்த விதி நமக்கு உதவ வேண்டுமானால், வேலையை எப்போது முடித்துக் கொடுத்தோம் என்பதற்கு மறுக்க முடியாத தடயம் இருக்க வேண்டும். விலைப்புள்ளி கொடுக்கும்போதே எத்தனை மாதிரிகள், எத்தனை முறை திருத்தம், அதற்கு மேற்பட்ட திருத்தத்துக்கு என்ன கூலி, எந்தக் கோப்பை அனுப்பினால் வேலை முடிந்ததாகப் பொருள் என்பவற்றை எழுதி, ‘சம்மதம்’ என்று மின்னஞ்சலில் ஒரு வரிப் பதிலாவது வாங்கிவிட வேண்டும். நம் பில்லின் அடியில் ‘30 நாட்களுக்குள் செலுத்தவும்’ என்று நாமே அச்சிட்டுக்கொள்வது இரு தரப்பு ஒப்பந்தம் ஆகாது. அது ஒருதலையான வேண்டுகோள் என்று மறுதரப்பு வாதிட இடமிருக்கிறது. இறுதிக் கோப்பை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல், வேலையின் பெயரும் தேதியும் குறித்து மின்னஞ்சலிலும் அனுப்புவது நல்ல பழக்கம். ஆண்டு மலர் அல்லது முழு பிராண்ட் வடிவமைப்பு போன்ற நீண்ட வேலைகளை லோகோ, அட்டை, உள்பக்கம் என்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி பில் போட்டால், கடைசிப் பக்கம் முடியவில்லை என்ற சாக்கில் மொத்தப் பணமும் தேங்காது.

கெடு தவறினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வீதத்தில், மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டியை வாடிக்கையாளர் தர வேண்டும்; ஒப்பந்தத்தில் வட்டி இல்லை என்று எழுதியிருந்தாலும் இது பொருந்தும். 2025 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட 5.75 சதவீத வங்கி வீதத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 17.25 சதவீதம். அந்த வீதத்தில் 80,000 ரூபாய் பாக்கி ஆறு மாதம் நின்றால் வட்டி ஏறக்குறைய 7,150 ரூபாய். இந்த வட்டியை வாடிக்கையாளர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் கழிக்க முடியாது.

ஆனால் வட்டியைக் காட்டி மிரட்டுவதைவிட, வாடிக்கையாளரின் ஆடிட்டருக்குத் தெரியும்படி பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுவது அதிகப் பலன் தரும் என்பது என் கணிப்பு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற விதியைச் சேர்த்தது. அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை மேற்சொன்ன 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் தராமல் நிதியாண்டு முடிந்துவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டின் கணக்கில் கழிக்க முடியாது. உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்க முடியும். செலவு அடியோடு பறிபோகும் என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல; தள்ளித்தான் போகும். என்றாலும் மார்ச் கடைசியில் லாபம் கூடி வரி கூடுவதை எந்த முதலாளியும் விரும்புவதில்லை. இதனால் ஜனவரி, பிப்ரவரியிலேயே நிலுவைப் பட்டியலையும் உத்யம் சான்றின் நகலையும் மரியாதையான ஒரு கடிதத்துடன் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது, உறவு கெடாமல் பணம் வரவழைக்கும் வழி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், கடிதத்தில் எண்ணை மட்டும் குறிக்காமல் விதியின் சாரத்தையும் எழுதிவிட வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோவுக்கு இன்னொரு பிடியும் உண்டு. பணம் வராவிட்டாலும் பில்லுக்குரிய வரியை நாம் கட்டியாக வேண்டும் என்பது நமக்குச் சுமை. அதே சமயம் பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராத வாடிக்கையாளர், அந்தப் பில்லில் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை (நம் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது அவருக்குச் சுமை. வாடிக்கையாளர் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனமானால், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் நிற்கும் பாக்கிகளை அரையாண்டுக்கு ஒருமுறை அரசுக்கு அறிக்கையாகத் தரவும் கடமைப்பட்டிருக்கிறது.

ஸ்டூடியோவை விரிவாக்க விரும்புவோருக்குப் பதிவின் மற்றப் பயன்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்பது கொள்கை. அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் இலவசம், ஒப்பந்தப்புள்ளியுடன் கட்டும் முன்வைப்புத் தொகையும் வேண்டியதில்லை. அடுத்து, ஸ்டூடியோவின் பெயரை வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிய இணையவழிக் கட்டணம் பொருள் அல்லது சேவையின் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய். பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் ஸ்டூடியோ இந்தப் பாதிக் கட்டணத்தைப் பெற உத்யம் சான்று கைகொடுக்கும். அந்தச் சான்றைத் தரச் சான்றிதழ் போல விளம்பரத்தில் காட்டுவது மட்டும் சரியல்ல. அரசு நம் டிசைனைப் பார்த்து மெச்சிக் கொடுத்த பட்டயம் அல்ல அது.

கடிதத்துக்கும் மசியாத பாக்கிக்கு, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தை நாட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் இம்மன்றங்கள் உள்ளன. வழிகாட்டுதலுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மன்றம் முதலில் சமரசம் பேசும். அது முறிந்தால் தானே நடுவராக இருந்து தீர்ப்பளிக்கும், அல்லது வேறு அமைப்புக்கு அனுப்பும். 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேல் இழுப்பதும் உண்டு. நமக்குச் சாதகமான அம்சம், வழங்குநர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம் என்பது: சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்தவர் மும்பை வாடிக்கையாளருக்காக மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. தீர்ப்பை எதிர்த்து வாடிக்கையாளர் நீதிமன்றம் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். எனினும் வாடிக்கையாளர் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பதால், துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ளவருக்குச் செய்யும் வேலைக்கு இந்த வழி உதவாது. அங்கே முன்பணம் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. உள்நாட்டுப் பாக்கியையும் மூன்று ஆண்டுக் காலவரம்பு கடக்கும்வரை போட்டுவைக்காமல், உத்யம் சான்று, சம்மத மின்னஞ்சல், பில், இறுதிக் கோப்பு அனுப்பியதற்கான தடயம், வட்டிக் கணக்கு ஆகியவற்றோடு உரிய காலத்தில் மனுச் செய்துவிட வேண்டும்.